கிளிஃபோர்டுக்குத் தெரியாமல் ஒரு காட்டுப் பயணம்

வெர்னா கங்காஸைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் லாந்தர் கதையைத்தான் சொல்வார்கள். ஒரு பிப்ரவரிப் புயலில், விடிகாலையில், கவுண்டி நிர்வாகத்தின் பெரிய மனிதர் ஒருவர் சாலைத்துறை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, தன் தெருவில் மட்டும் இன்னும் பனி தள்ளவில்லை என்று குதித்தார். வெர்னா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சார், டிரைவருக்கு உங்க தெரு கண்ணுக்கே தெரியலையாம். நீங்க ஒரு லாந்தரை ஏத்தி எடுத்துட்டு முனையில வந்து நின்னீங்கன்னா அவருக்கு வசதியா இருக்கும்."

பெரிய மனிதர் போய் நின்றார். அந்தத் தெருவுக்கு லாரி போவதே மதியச் சாப்பாட்டுக்கு மேல்தான். லாரி வந்து சேர்ந்தபோது அவர் மீசையில் பனிக்கட்டி தொங்கியதாம். அடுத்த கவுண்டிக் கூட்டத்தில் அவரே எழுந்து நின்று, நெருக்கடி நேரத்தில் தான் ஆற்றிய பணியைப் பற்றி விரிவாகப் பேசினார். வெர்னா முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்.

அந்த அலுவலகத்தில் எனக்கு வெர்னாவுக்கு எதிர் மேஜை. பனி தள்ளும் லாரிகளை வயர்லெஸ்ஸில் மேய்ப்பதுதான் அவர் வேலை. சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பிவிட்டால் எந்த லாரி எந்தச் சாலையில் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறது என்பது வெர்னாவுக்குத்தான் தெரியும். அந்தக் குரல் அப்படி. மைக் இல்லாமலே பக்கத்து ஊர் வரை போகும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். வீட்டுக்குப் போனாலும் அந்தக் குரல் இறங்காது. "லென், சமையலறைக்கு வா. வந்ததும் சொல்லு," என்று தன் கணவரைக் கூப்பிட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

கணவர் லெனர்ட் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த இயந்திரங்களின் இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று எப்போதோ முடிவு செய்து, பிறகு வெளியே வந்தும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளாதவர். எல்லாவற்றுக்கும் "ம்" என்பார். சரி, வேண்டாம், பசிக்கிறது, மழை வரும் எல்லாமே அந்த "ம்"மில் இருக்கும். ஓய்வு பெற்ற மறு மாதமே யாரையும் கேட்காமல் ஒரு பழைய ஆர்.வி. வண்டியை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருந்தது. பஸ் நீளம். காட்டுக்குள் போய் மரத்தடியில் நிறுத்தி நாலு நாள் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

சும்மா இருக்க முடியாமல் செய்தவர் அவருடைய அண்ணன் கிளிஃபோர்ட். உயர்நிலைப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினோம். பள்ளியை விட்டு வந்தும், கற்றுக்கொடுக்கிறவருக்கென்று காரில் வைக்கும் தனி பிரேக் தன் காலுக்கடியில் இருப்பதாகவே நினைத்து வாழ்ந்தார். தம்பி ஆர்.வி. வாங்கினதும் அவரும் ஒரு டிரெய்லர் வீட்டை வாங்கி, பிக்கப்பின் பின்னால் பூட்டிக்கொண்டு, ஒவ்வொரு கோடையும் கூடவே கிளம்பிவிடுவார். நெருப்புக்கு விறகு எப்படி அடுக்குவது, சாய்வு நாற்காலியை எந்தப் பக்கம் சாய்ப்பது, மார்ஷ்மெல்லோவை எத்தனை தூரத்தில் பிடித்துச் சுடுவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. அவர் மனைவி ஆர்லீனுக்கு நூலகத்தில் வேலை. ஒரு புத்தகத்தைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார். ராத்திரி நாலு பேரும் யூக்கர் சீட்டாட உட்காரும்போது மட்டும் அதைக் கீழே வைப்பார்; அதில் அவரும் லெனர்டும் ஒரு கட்சி.

போன கோடையில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். லெனர்ட் வண்டியைப் பின்பக்கமாக எடுத்து மரங்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். வலப்பக்கத்தில் வெர்னா வாக்கி-டாக்கியோடு. இடப்பக்கத்தில் கிளிஃபோர்ட், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

"லென், வலது. வலதுன்னா வலது. நிக்காதே, வந்துட்டே இரு."

"டேய், அவ பேச்சைக் கேக்காதே, என் கையைப் பாரு. இடது. இன்னும் இடது."

"கிளிஃப், நீ கையை இறக்கு. அவனுக்குக் குழப்பமாகுது."

"முப்பது வருஷம் ஊருக்கே ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்தவன் நான்."

மற்ற வண்டிக்காரர்கள் மடக்கு நாற்காலியும் பீருமாக வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் லெனர்ட் இருவர் பேச்சையும் பாதிப் பாதி கேட்டு, பூங்காவின் மர மேஜை ஒன்றின் மேல் ஏற்றி அதை நொறுக்கினார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மேஜையை நொறுக்கியது யார் என்ற பேச்சு அந்த நாலு நாளும் ஓடியது. லெனர்ட் நொறுக்கினார் என்று மட்டும் இருவருமே சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு காலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாநிலப் பூங்காக்களில் கோடைக்கு இடம் பிடிக்க வேண்டுமென்றால் நடுப்பனியிலேயே பிடித்துவிட வேண்டும். கம்ப்யூட்டரில் முன்பதிவு திறந்ததும் நல்ல இடங்களெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். வெர்னா ஒரு கையில் மைக்கும் மறு கையில் மவுஸுமாக உட்கார்ந்திருந்தார்.

"நாலாம் லாரி, நீ பாலத்தைத் தாண்டிட்டியா? தாண்டாதே. அங்கேயே நில்லு." கிளிக். "ஏழு, நீ ஏன் என் காதுல பாடறே? ரோட்டைப் பாரு." கிளிக், கிளிக். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "கிடைச்சிடுச்சு," என்றார்.

"என்ன?" என்றேன்.

"ஆட்டர் பெண்ட் பூங்கா. கடைசி வளைவு. சுத்தி மரம். ஜூலைல நானும் லெனும் மட்டும் போறோம். கிளிஃபோர்டுக்குத் தெரியாது."

"கேப்பாரே?"

"கேப்பான். ஆகஸ்ட்ல லூன் ஏரிக்கு எல்லாரும் சேந்து போறோம், ரெண்டு குடும்பத்துக்கும் நானே புக் பண்ணிட்டேன்னு சொல்லிடுவேன். ஆகஸ்ட் வந்ததும் லெனுக்கு முதுகு பிடிச்சுக்கும்."

"ஆகஸ்ட்ல பிடிக்கும்னு இப்பவே தெரியுமா?"

"நான் சொன்னா பிடிக்கும்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ எங்கயாவது வாயைத் திறந்தேன்னு வை, இந்த வருஷம் உன் தெருவுல பனி தானா உருகினாத்தான் உண்டு."

நான் வாயைத் திறக்கவில்லை.

இல்லாத பயணத்துக்குத் திட்டம் போடுவதில் வெர்னா காட்டிய அக்கறையை இருக்கிற பயணத்துக்குக்கூட யாரும் காட்டியதில்லை. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சமையலறையில் கூட்டம் போட்டார். நானும் போயிருந்தேன். காபி, ஏலக்காய் போட்டுச் சுட்ட நீசு ரொட்டி, மேஜை மேல் லூன் ஏரியின் வரைபடம். இன்றைக்கு என்ன சண்டை நடக்கப் போகிறதோ என்று நான் இரண்டாவது துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

கிளிஃபோர்ட் தொண்டையைச் செருமினார். "சாப்பாடு எல்லாம் நீயே முடிவு பண்ணு வெர்னா. உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்."

வெர்னா கத்தியை ரொட்டியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்ப வண்டியை நிறுத்தற வேலை உன்னுது கிளிஃப். நான் வாயே திறக்கலை. எனக்கென்ன தெரியும் அதைப்பத்தி."

"இல்ல இல்ல, நீ சொன்னாத்தான் லெனுக்குப் புரியும்."

"அதெப்படி? வாத்தியார் நீ இருக்கும்போது."

ஆர்லீனுக்குக் காபி புரையேறியது. லெனர்ட் எழுந்து போய் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் அலுவலகத்தில் வெர்னா வந்ததும் வராததுமாக என் மேஜைக்கு வந்தார். முகம் சரியில்லை.

"கிளிஃபோர்ட் சாகப் போறான்னு நினைக்கிறேன்."

"என்ன சொல்றீங்க?"

"நீயே பாத்தல்ல? அவன் என் பேச்சுக்கு ஒத்துக்கிட்டான். இத்தனை வருஷத்துல ஒரு தடவை ஒத்துக்கிட்டிருக்கானா? டாக்டர் ஏதோ சொல்லியிருக்கார். போறதுக்கு முன்னால எல்லார்கிட்டயும் நல்லபடியா இருக்கணும்னு பாக்கறான்."

ஆர்லீனைக் கேட்டாராம். கொஞ்சம் கொலஸ்ட்ரால் இருக்கிறது, வேறு ஒன்றுமில்லை என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது ஆர்லீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது வெர்னாவின் சந்தேகத்தை இன்னும் கெட்டியாக்கிவிட்டது. அந்த வாரமே ஒரு தட்டு நிறைய பாஸ்டி சுட்டு, உள்ளே மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் தாராளமாக வைத்து, கிளிஃபோர்ட் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டே நாளில் கிளிஃபோர்ட் புகைபோட்ட மீனைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து வெர்னாவின் கையில் வைத்து, "உடம்பைப் பாத்துக்கோ வெர்னா," என்று தழுதழுத்தார். வெர்னா பதிலுக்கு ஒரு கேக் செய்தார். அவர் மறுபடி மீன் கொண்டுவந்தார். மே மாதம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் நடுவே சாப்பாடு போய் வந்துகொண்டிருந்தது. லெனர்டுக்குத் தொப்பை போட்டுவிட்டது.

வெர்னாவுக்கு மனசு உறுத்த ஆரம்பித்தது. "சொல்லிடட்டுமா? அவனையும் ஆட்டர் பெண்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா? பாவம், கடைசிக் கோடையா இருந்தா?" என்று என்னிடம் கேட்டார். ஒருநாள் உண்மையிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, போகிற வழியில் மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்தினார். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். கிளிஃபோர்ட்.

"வெர்னா, உன் பின் சக்கரம் கோட்டு மேல இருக்கு. ஒரு தடவை வெளியே எடுத்து மறுபடி நேரா விடு. நான் சொல்றேன், வா."

வெர்னா அலுவலகத்துக்குத் திரும்பி வந்து கைப்பையை மேஜையில் போட்டார். "சாகல. நல்லா கல்லு மாதிரி இருக்கான். நாங்க போறோம்."

ஜூலையில் கிளம்பிய காலையைப் பற்றி நாலு பேரும் நாலு விதமாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நம்பக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

விடிந்தும் விடியாமலும் ஆர்.வி.யைக் கிளப்பினார்கள். கிளிஃபோர்ட் வீட்டுப் பக்கம் போகவே கூடாது என்று வெர்னா உத்தரவு. குப்பைக்கிடங்குச் சாலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்படிச் சுற்றியதால்தான் கிளிஃபோர்ட் வீட்டு வாசல் காலியாகக் கிடந்தது அவர்கள் கண்ணில் படவில்லை.

ஆட்டர் பெண்ட் வெர்னா நினைத்ததைவிட நன்றாக இருந்தது. பைன் மரங்கள், வெள்ளைப் பட்டை பிர்ச் மரங்கள், இடுப்பளவு பெரணி. ஓடையின் சத்தம் மட்டும். கடைசி வளைவுக்கு வந்ததும் வெர்னா வாக்கி-டாக்கியோடு இறங்கி, வண்டியின் பின்னால் போய் நின்று, காட்டுக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டுக்கொண்டார்.

"லென், பின்னால வா. மெதுவா. வந்துட்டே இரு."

ஆர்.வி. பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்தும். அந்தச் சத்தம் காட்டில் பரவிய உடனே பக்கத்து இடத்திலிருந்து, பெரணியை விலக்கிக்கொண்டு ஓர் உருவம் வந்தது. காலில் செருப்பு, ஒரு கையில் காபிக் கோப்பை. யாருடைய வண்டி, யார் நிற்கிறார்கள் என்று எதையும் பார்க்காமல், வந்த வேகத்தில் மறு கையைத் தூக்கி, "இடது, இடது, இன்னும் இடது," என்று ஆரம்பித்தது.

வெர்னா திரும்பிப் பார்த்தார். கிளிஃபோர்டும் பார்த்தார். தூக்கின கை அப்படியே நின்றது.

வெர்னா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயடைத்து நின்றது அதுதான் முதல் தடவை. அந்த அமைதியில் லெனர்ட் வண்டியை ஒரே வளைப்பில், இரண்டு மரங்களுக்கு நட்ட நடுவில், நூல் பிடித்த மாதிரி கொண்டுவந்து நிறுத்தினார்.

முதலில் பேச்சு வந்தது வெர்னாவுக்கு. "நீ இங்க என்ன பண்றே?"

"நீ என்ன பண்றே? ஆகஸ்ட்ல லூன் ஏரின்னு சொன்னே?"

"நீயும்தான் தலையாட்டினே."

"எனக்கு ஆகஸ்ட்ல டிரெய்லர் அச்சு உடையறதா இருந்துச்சு," என்றார் கிளிஃபோர்ட். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது.

வெர்னா இடுப்பில் கை வைத்தார். "ஆக, நீ என்கிட்டேருந்து தப்பிச்சு ஓடி வந்திருக்கே."

"என்ன பண்றது வெர்னா. உன் குரல். போன வருஷம் ஒரு மான் நீ வலதுன்னு சொன்னதும் வலது பக்கமா ஓடிச்சு. நான் என் கண்ணால பாத்தேன்." கோப்பையைக் கீழே வைத்தார். "ஆனா நீ எழுந்து நடமாடறதப் பாத்தா சந்தோஷமா இருக்கு. நீ ரொம்ப நாள் இருக்க மாட்டேன்னு லென் சொன்னானே."

"நானா? சாகப் போறது நீதானே?"

"நான் ஏன் சாகணும்? லென்கிட்ட, வெர்னா இவ்வளவு தன்மையா பேசறாளே, உடம்புக்கு ஏதாவதா, மோசமான்னு கேட்டேன். அவன்தான்..."

லெனர்ட் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். "நான் ‘ம்’னுதான் சொன்னேன்," என்றார்.

அப்போது டிரெய்லர் கதவைத் திறந்துகொண்டு ஆர்லீன் வந்தார். கையில் புத்தகம் இல்லை, சீட்டுக்கட்டு இருந்தது. வெர்னா அதைப் பார்த்தார், லெனர்டைப் பார்த்தார், மறுபடி சீட்டுக்கட்டைப் பார்த்தார். லாரி எந்தப் பள்ளத்தில் கிடக்கிறது என்று மைக்கைத் தொடாமலே கண்டுபிடிக்கிறவர். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"ஆர்லீன், இந்த இடத்தை யார் புக் பண்ணினது?"

"நான்தான். வெர்னா இல்லாத இடமாப் பாருன்னு கிளிஃப் சொன்னார். லெனைக் கேட்டேன், நீங்க எங்க போறீங்கன்னு சொன்னார். நீங்க போட்ட அதே காலையில அதுக்குப் பக்கத்து இடத்தைப் போட்டேன்."

"ஏன்?"

இதற்கு லெனர்ட் பதில் சொன்னார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமான பேச்சு வந்ததில்லை என்று வெர்னா இன்றைக்கும் சொல்கிறார். "யூக்கர் ஆட நாலு கை வேணும். நீங்க ரெண்டு பேரும் இல்லாம நாங்க எப்படி ஆடறது? நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறப்பதான் நாங்க ஜெயிக்கிறோம்."

வெர்னா ஓடைப் பக்கம் நடந்து போய்விட்டார். விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தாராம். இத்தனை கோடையும் இம்சைப்பட்டது தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, தானும் ஒரு இம்சை என்று தெரிந்ததை விழுங்கக் கொஞ்சம் நேரம் ஆனது. அழுகை வரவில்லை, கோபமும் சரியாக வரவில்லை என்றார். மான் விஷயத்தை நினைத்துச் சிரிப்பு மட்டும் வந்ததாம். கொசுக்கள் அவரை இன்னும் யோசிக்க விடவில்லை. எழுந்து திரும்பியபோது பாதையில் கிளிஃபோர்ட் கையில் கொசு மருந்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"கீழேருந்து மேல அடிச்சுக்கணும்," என்றார்.

"எனக்குத் தெரியும்."

இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பாதி வழியில் வெர்னா நின்றார். "கிளிஃப், இந்த ரெண்டு ஊமைங்களையும் இப்படியே விட்டுடலாமா?"

"விடக்கூடாது," என்றார் கிளிஃபோர்ட்.

அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அப்படித்தான்.

சனிக்கிழமை காலை பூங்கா அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒன்று எழுதியிருந்தது: இன்று மாலை எல்லாரும் கூடும் நெருப்புக் குழியருகே லெனர்ட் கங்காஸ் கரடிக் கதைகள் சொல்கிறார், குழந்தைகளோடு வாருங்கள். லெனர்ட் பல் விளக்கப் போகும் வழியில் அதைப் பார்த்து, பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார். ஆர்லீனுக்கும் ஒரு வேலை வைத்திருந்தார்கள்; கரடி உறுமுகிறபோதெல்லாம் அவர்தான் உறும வேண்டும் என்று கீழே ஒரு வரி.

ஜூலையில் எங்கள் பக்கம் வெளிச்சம் லேசில் போகாது. சாப்பாடு முடித்து எல்லாரும் வந்துவிட்டார்கள். வெர்னாவும் கிளிஃபோர்டும் முன் வரிசையில் பாப்கார்னோடு உட்கார்ந்தார்கள். லெனர்ட் நெருப்புக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். வெர்னாவுக்கே ஒரு கட்டத்தில் எழுந்து போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று தோன்றிவிட்டது. அப்போது அவர் ஆரம்பித்தார்.

"எங்க ஊர்ல ஒரு ஆண் கரடி, ஒரு பெண் கரடி. ரெண்டும் உறவு. ஒண்ணுக்கு ஒண்ணு ஆகாது. வண்டியைப் பின்னால எடுக்கணும்னா ரெண்டும் வந்துடும்."

முதலில் ஆர்லீன்தான் சிரித்தார், பிறகு உறுமினார். லெனர்ட் நிறுத்தவில்லை. மேஜை நொறுங்கியது, சமையலறைக் கூட்டம், பாஸ்டியும் மீனும், குப்பைக்கிடங்குச் சாலை, ஒன்று விடாமல் சொன்னார். கிளிஃபோர்ட் தொண்டையைச் செருமுவதைச் செய்து காட்டினார். வெர்னாவின் வயர்லெஸ் குரலைச் செய்து காட்டியபோது கடைசி வரிசையில் ஒருவர் நாற்காலியோடு மல்லாந்துவிட்டார். கிளிஃபோர்ட் தொப்பியை முகத்தில் இறக்கிக்கொண்டார். வெர்னா பாப்கார்ன் பொட்டலத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் கண்ணீர் வரச் சிரித்தார்.

"வீட்டுல ஒரு ஆள் எல்லாத்தையும் பாத்துட்டே இருந்திருக்கான்," என்றார் என்னிடம். "நான் சமையலறைக்கு வான்னு கூப்பிடற மாதிரி அப்படியே கூப்பிட்டான். நான் எழுந்து போயிட்டேன் தெரியுமா, பாதி தூரம். அவன் குரல்னு அப்புறம்தான் உறைச்சுது."

கதை முடிந்ததும் பூங்கா ஊழியர் வந்து லெனர்டிடம், அடுத்த வருஷமும் வருவீர்களா என்று கேட்டிருக்கிறார். லெனர்ட் வெர்னாவைப் பார்த்தார். வெர்னா கிளிஃபோர்டைப் பார்த்தார். கிளிஃபோர்ட், வருவதென்றால் இந்த நெருப்பை முதலில் சரியாக அடுக்க வேண்டும் என்று எழுந்து போனார். வெர்னாவும் பின்னாலேயே போய், அவர் வைத்த விறகை எடுத்து வேறு பக்கம் வைத்தார்.

திங்கள்கிழமை அலுவலகத்துக்கு வந்தபோது வெர்னாவின் முகமெல்லாம் கொசுக்கடி. என் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஃபோன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தார். யாரோ, தன் தெருவில் சாலை ஓரப் புல் வளர்ந்து ஆள் உயரத்துக்கு நிற்கிறது என்று குறைப்பட்டார்கள்.

"அப்படியா," என்றார் வெர்னா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "உங்க வீட்டுல ஆடு ஏதாவது இருக்கா?"